படகுக்கு ஏது பிரேக்?

2024 டிசம்பர் 18ஆம் தேதி மாலை நான்கு மணி சுமாருக்கு, கேட்வே ஆப் இந்தியாவிலிருந்து எலிபெண்டா தீவுக்குப் போய்க்கொண்டிருந்த ‘நீல்கமல்’ என்ற பயணிகள் படகின்மீது கடற்படையின் விரைவுப் படகு ஒன்று மோதியது. பயணிகள் படகில் 100க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். விரைவுப் படகில் எஞ்சின் சோதனை நடந்துகொண்டிருந்தது. எஞ்சின் கோளாறினால் படகு கட்டுக்கு அடங்காமல் போய்விட்டது என்று கடற்படை அறிவித்தது. இரு படகுகளிலுமாக 15 பேர் மாண்டார்கள்.

மோதுவதற்குச் சற்று முன் ஒரு பயணி செல்போனில் எடுத்த படத்தை நாடே பார்த்தது. விரைவுப் படகு தூரத்தில் நுரை கிளப்பிக்கொண்டு ஓடுகிறது, வளைகிறது, பிறகு நேரே இவர்களை நோக்கி வருகிறது. அவ்வளவுதான்.

அந்த விபத்துக்கு யார் பொறுப்பு என்பது விசாரணை அதிகாரிகள் முடிவு செய்ய வேண்டியது. அதற்குள் நான் போகவில்லை. நான் கேட்பது வேறு. வேகப் படகு வாங்குகிறவர்கள், அது அரசாங்கமானாலும் சரி, சுற்றுலாப் படகு விடும் முதலாளியானாலும் சரி, பணக்காரர் வீட்டுப் பிள்ளையானாலும் சரி, எதைப் பார்த்து வாங்குகிறார்கள்?

“மாதச் சம்பளக்காரனுக்கு வேகப் படகைப் பற்றி என்ன கவலை?” என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தாராவியிலும் ஆன்டாப்ஹில்லிலும் இருக்கும் நம்மில் யாரும் படகு வாங்கப் போவதில்லை. ஆனால் வாங்குகிறவர் ஒருவர். அதில் ஏறுகிறவர் ஆயிரம் பேர். அந்த ஆயிரத்தில் நாமும் நம் பிள்ளைகளும் உண்டு. ஊரிலிருந்து உறவினர் வந்தால் முதல் ஞாயிற்றுக்கிழமை நாம் கூட்டிப் போகிற இடம் கேட்வேதானே?

எண்ணைப் பார்த்து ஏமாறுவது

இப்போது உலகமெங்கும் மோகம் பிடித்திருப்பது ‘சென்டர் கன்சோல்’ என்ற வகைப் படகின்மீது. அமெரிக்காவில் புளோரிடா கடற்கரையில் இவை ஏராளம். கூரை அறை ஒன்றும் இல்லாத திறந்த படகு. நடுவில் ஒரு மேடை. அதில் சுக்கான் சக்கரமும் கருவிகளும். ஓட்டுகிறவர் நின்றுகொண்டே ஓட்டலாம். சுற்றி நடக்க இடம் உண்டு. மீன்பிடிக்கத் தோதாக வந்த அமைப்பு இது. பின்னால் அவுட்போர்டு எஞ்சின்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகத் தொங்கும். நாலும் அதற்கு மேலும் தொங்கும் படகுகளும் உண்டு. நம் நாட்டிலும் காவல் பணிக்கும் கேளிக்கைக்கும் இந்த நடுமேடை அமைப்பு வந்துவிட்டது.

அவுட்போர்டு எஞ்சினை வியாபாரமாக முதலில் வெற்றி பெறச் செய்தவர் ஓல் எவின்ரூட் என்ற நார்வேக்காரர்; அமெரிக்காவில் குடியேறியவர். 1909ல் அவர் விற்ற எஞ்சினின் சக்தி ஒன்றரைக் குதிரைத்திறன். எடை சுமார் 28 கிலோ. 2021ல் மெர்க்குரி நிறுவனம் வெளியிட்ட எஞ்சினின் சக்தி 600 குதிரைத்திறன். எடை 570 கிலோவுக்குக் குறையாது. அப்படி இரண்டை மாட்டினால் பழைய அம்பாசடர் கார் ஒன்றைப் படகின் வாலில் கட்டித் தொங்கவிட்ட கணக்கு.

எஞ்சின் நானூறு மடங்கு பெருத்துவிட்டது. ஓட்டுகிறவனுடைய கண்ணும் கையும் அன்று இருந்தபடியேதான் இன்றும் இருக்கின்றன. தொல்லை இங்கேதான் தொடங்குகிறது.

விளம்பரத்தில் பெரிதாக அச்சிடுவது குதிரைத்திறனைத்தான். வாங்குகிறவரும் அதைத்தான் கேட்கிறார். அந்த எண்ணுக்குள்ளே ஒரு வஞ்சனை உண்டு. அதே எடையுள்ள படகில் எஞ்சின் சக்தியை இரண்டு மடங்காக்கினால் வேகம் இரண்டு மடங்காவதில்லை. ஏறத்தாழ 40 சதவீதம்தான் கூடும். எண்ணெய்ச் செலவோ இரண்டு மடங்கு. 300 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின் முழுவேகத்தில் மணிக்கு ஏறத்தாழ 100 லிட்டர் குடிக்கும். ஒரு மணி நேர ஓட்டத்தில் நம் வீட்டு ஒரு மாத மளிகைக் கணக்கே முடிந்துவிடும். பணக்காரருக்கு அது பெரிதல்ல. ஆனால் சவாரிப் படகு முதலாளிக்குப் பெரிது. எண்ணெய்க்குக் கொட்டிய பணத்தை அவர் எங்கே மிச்சம் பிடிப்பார்? பாதுகாப்பில்தான்.

முதலில் உடல், பிறகு எஞ்சின்

படகு தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது எஞ்சினை அல்ல, படகின் அடிப்பாகத்தை. தட்டையான அடி, அமைதியான தண்ணீரில் குறைந்த சக்தியிலேயே வழுக்கிக்கொண்டு ஓடும். அலை வந்தால் அறை அறையென்று அறையும், முதுகெலும்பு தாங்காது. ஆங்கில ‘வி’ எழுத்துப் போல் ஆழமாகச் சரிந்த அடி, அலையை வெட்டிக்கொண்டு போகும். ஆனால் அதற்குச் சக்தி அதிகம் வேண்டும்; நிற்கும்போது கொஞ்சம் ஆடும். 1960ல் மயாமியிலிருந்து நாசாவுக்கு நடந்த படகுப் போட்டியில், ரே ஹண்ட் என்பவர் வடிவமைத்த ஆழமான ‘வி’ அடிப் படகு, கொந்தளித்த கடலில் மற்ற எல்லாவற்றையும் பின்தள்ளி ஜெயித்தது. அன்று முதல் திறந்த கடலுக்கு இந்த அடிதான் என்று ஆயிற்று.

ஆகவே முதல் கேள்வி, “எந்தத் தண்ணீரில் ஓட்டப் போகிறாய்?” என்பது. ஏரியில் ஓட்டும் படகு வேறு. ஆனி, ஆடி மாத அரபிக்கடலில் ஓட்டும் படகு வேறு.

இரண்டாவது கேள்வி, தண்ணீர் நிறைந்தாலும் படகு மிதக்குமா என்பது. 1961ல் ஓர் அமெரிக்கப் படகுக் கம்பெனிக்காரர் தம் பைபர் படகில் உட்கார்ந்தபடியே அதை இரண்டாக ரம்பத்தால் அறுக்கச் செய்தார். இரண்டு பாதியும் மிதந்தன. சுவர்களுக்கு நடுவே நுரைப் பொருளை நிரப்பியிருந்ததுதான் காரணம். வேடிக்கைதான், ஆனால் விளம்பரத்தில் காட்ட வேண்டியதைக் காட்டினார். ஓடுவதைக் காட்டவில்லை, மூழ்காததைக் காட்டினார்.

மூன்றாவது, எடை. பழைய படகுக்குப் புது எஞ்சின் மாற்றுகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சினைக் கழற்றிவிட்டு அதைவிடக் கனமான போர் ஸ்ட்ரோக் எஞ்சினை மாட்டினால் படகின் பின்பக்கம் தாழும். தளத்துத் தண்ணீர் வெளியேறும் ஓட்டை வழியாகக் கடல் உள்ளே வரும். சக்தி கூடிய எஞ்சினானால், அதைத் தாங்கும் பின்பலகைக்கும் சுக்கான் அமைப்புக்கும் பலம் உண்டா என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைந்த படகுகளில், அதிகபட்சம் எத்தனை குதிரைத்திறன் மாட்டலாம், எத்தனை பேர் ஏறலாம் என்று தகடு அடித்து ஒட்ட வேண்டுமென்பது சட்டம். தகடு வெறும் அலங்காரம் அல்ல. அதற்கு மேலே போனால் படகு உன்னுடையது அல்ல, கடலுடையது என்று அர்த்தம்.

நான்காவது, விசிறி. நிறைய ஆட்களை ஏற்றிய நிலையில், எஞ்சின் தனக்குக் குறித்த சுற்றுக்களை எட்டும்படி விசிறியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காலிப் படகில் இரண்டு பேர் ஏறி ஓட்டிப் பார்த்துவிட்டு, “ஆகா, என்ன வேகம்!” என்று கையெழுத்துப் போட்டால், பத்துப் பேர் ஏறும் நாளில் எஞ்சின் மூச்சு வாங்கும்.

விநாடிக்கு ஒரு பெட்டி

இதெல்லாம் பார்த்தாலும், பெரும்பாலோர் கேட்காத கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. இந்தப் படகு எவ்வளவு தூரத்தில் நிற்கும்?

காருக்கு பிரேக் உண்டு. ரயிலுக்கு உண்டு. சைக்கிளுக்குக்கூட உண்டு. படகுக்கு இல்லை. எஞ்சினைத் தணித்தால் தண்ணீரே அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். ஓடுகிற ஓட்டத்தில் திடீரென்று பின்னோக்கிப் போட்டால் கியர் நொறுங்கும். படகு கிளப்பிய அலையே பின்னாலிருந்து உள்ளே ஏறும். ஒடித்துத் திருப்பினால் ஆட்கள் தூக்கி எறியப்படுவார்கள்.

40 நாட் வேகம் என்றால் மணிக்கு 74 கிலோமீட்டர். அதாவது விநாடிக்கு 20 மீட்டருக்கு மேல். நம் லோக்கல் ரயிலின் ஒரு பெட்டி ஏறத்தாழ 20 மீட்டர் நீளம். விநாடிக்கு ஒரு பெட்டி! ஓட்டுகிறவர் பின்னால் திரும்பி யாருக்கோ ஒரு வார்த்தை பதில் சொல்வதற்குள் மூன்று பெட்டி நீளம் ஓடியிருக்கும்.

ரயிலுக்குச் சிக்னல் உண்டு. முன்னால் போகும் வண்டிக்கும் பின்னால் வரும் வண்டிக்கும் நடுவே இவ்வளவு இடம் இருந்தாக வேண்டும் என்ற விதி உண்டு. விபத்துகளில் மாண்டவர்களின் ரத்தத்தால் எழுதப்பட்ட விதி அது. கடலிலும் விதி இல்லாமல் இல்லை. 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் ஆறாவது விதி என்ன சொல்கிறது? ஒவ்வொரு கலமும், தேவைப்படும் தூரத்துக்குள் நின்றுவிடக்கூடிய பாதுகாப்பான வேகத்தில்தான் போக வேண்டும் என்கிறது. எத்தனை நாட் என்று எண் குறிக்கவில்லை. எத்தனை கலங்கள் சுற்றிலும் இருக்கின்றன, கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது, உன் கலம் எவ்வளவு சீக்கிரம் திரும்பும், நிற்கும் என்பதைப் பார்த்து நீயே முடிவு செய் என்கிறது. நல்ல விதி. ஆனால் வேகத்தை மட்டும் கேட்டு வாங்கிய படகை வைத்துக்கொண்டு எப்படி இந்த விதியைக் காப்பது?

சிவப்புக் கயிறு

லோக்கல் ரயிலின் மோட்டார்மேன் கையில் ஒரு பிடி உண்டு. ‘டெட்மேன் ஹேண்டில்’ என்பார்கள். அதை அவர் அழுத்திப் பிடித்தபடியே இருக்க வேண்டும். அவர் மயங்கி விழுந்து கை தளர்ந்தால் மின்சாரம் அறுந்து பிரேக் விழும். தினமும் லட்சக்கணக்கானோர் அந்தப் பிடியை நம்பித்தான் வண்டியில் ஏறுகிறார்கள். அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

படகிலும் அதற்கு ஈடான பொருள் ஒன்று உண்டு. ஒரு சிவப்புக் கயிறு. ஒரு முனை எஞ்சின் சுவிட்சில்; மறுமுனை ஓட்டுகிறவர் காலிலோ இடுப்பிலோ. அவர் தூக்கி எறியப்பட்டால் கயிறு இழுத்து எஞ்சின் நிற்கும். படகில் இருக்கிற சாமான்களிலேயே மிக மலிவானது அதுவாகத்தான் இருக்கும்.

2013 மே மாதம் இங்கிலாந்தில் பேட்ஸ்டோ என்ற ஊரருகே, 300 குதிரைத்திறன் எஞ்சின் பூட்டிய எட்டு மீட்டர் வேகப் படகு ஒன்றில் ஒரு குடும்பம் போயிற்று. தாய், தகப்பன், நான்கு குழந்தைகள். வேகமாகத் திரும்பியபோது ஆறு பேரும் தண்ணீரில் விழுந்தார்கள். கயிறு யார் உடம்பிலும் மாட்டப்படவில்லை. ஆள் இல்லாத படகு வட்டமடித்து வந்து அவர்கள் மேலேயே ஏறியது. தகப்பனும் எட்டு வயதுப் பெண் குழந்தையும் இறந்தார்கள். அமெரிக்காவில் 2021 ஏப்ரல் 1 முதல், 26 அடிக்குக் குறைந்த படகுகளை வேகமாக ஓட்டும்போது இந்தக் கயிற்றை மாட்டியிருக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது.

நம் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன். ஒரு கோடை விடுமுறையில் ஊரிலிருந்து அக்காவும் அத்தானும் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். கொங்கண் கரையில் ஓர் ஊருக்குப் போனோம். கடற்கரையில் வேகப் படகுச் சவாரி. தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஏற்றினார்கள். ஓட்டுகிற பையனுக்கு இருபது வயதுகூட இராது. சுவிட்சில் கொக்கி இருக்க வேண்டிய இடத்தில் நைலான் கயிற்றுத் துண்டு ஒன்றைச் செருகி முடிச்சுப் போட்டிருந்தான். சிவப்புக் கயிறு பக்கத்தில் சும்மா தொங்கியது.

“தம்பி, அதை இடுப்பில் மாட்ட வேண்டாமா?” என்று இந்தியில் கேட்டேன்.

“மாட்டினால் அடிக்கடி இழுத்து எஞ்சின் நின்றுவிடுகிறது சாப். முதலாளி ஏசுவார்” என்றான்.

பிள்ளைகள் அதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். “என்னடா தம்பி, வந்த இடத்துல அவன்கிட்ட என்ன பேச்சு? ஏறு” என்றாள் அக்கா. நானும் ஏறினேன். சவாரி முடியும்வரை கடலைப் பார்க்கவில்லை. அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்பதாலேயே நான் செய்தது சரியாகிவிடாது. இறங்கச் சொல்லியிருக்க வேண்டும். அக்காளுக்கு முன்னால் கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

யானை வாங்குகிறவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா?

இரண்டு எஞ்சின் இருந்தால் போதுமா?

“ஒரு எஞ்சின் பழுதானாலும் இன்னொன்று கரை சேர்க்கும்” என்று சொல்லி இரண்டு எஞ்சின் வாங்குகிறார்கள். உண்மைதான். ஆனால் இரண்டும் ஒரே தொட்டியிலிருந்து பெட்ரோல் குடித்தால்? தண்ணீர் கலந்த பெட்ரோல் இரண்டையும் ஒரே நிமிடத்தில் நிறுத்தும். வடிகட்டியும் பாட்டரியும் தனித்தனியாக இருந்தால்தான் இரண்டு எஞ்சினுக்குப் பொருள் உண்டு.

இப்போது இதில் புதுச் சங்கடம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. நம் நாட்டுப் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலக்கும் நிலை 2025ல் வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் பொருள். அவுட்போர்டு எஞ்சின் செய்யும் பெரிய கம்பெனிகள் பொதுவாக 10 சதவீதம் வரைதான் ஒப்புக்கொள்கின்றன. இந்த எஞ்சின் நம் பெட்ரோலுக்கு ஏற்றதா என்று எழுத்தில் வாங்காமல் பணத்தை எண்ணிக் கொடுப்பது அறியாமை.

உப்புத் தண்ணீர் எஞ்சினைத் தின்னும். ஓடி வந்தவுடன் நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளும் துத்தநாகக் கட்டிகளைத் தேயத் தேய மாற்ற வேண்டும். தண்ணீர் பம்பின் ரப்பரைக் காலத்தில் மாற்ற வேண்டும். இதற்கு ஆளும் உதிரிப் பாகமும் பக்கத்தில் கிடைக்குமா? எவின்ரூட் எஞ்சின் என்றால் நூறாண்டுப் பெயர். 2020ல் அதன் உற்பத்தியே நிறுத்தப்பட்டது. நூறாண்டுப் பெயருக்கே அந்தக் கதி என்றால், நேற்று வந்த பெயரை நம்பி எப்படி வாங்குவது? 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலோர மாநிலப் போலீசாருக்கு விரைவுப் படகுகள் வாங்கித் தரப்பட்டதை அறிவோம். அவற்றுள் பல பழுதுபார்க்கப்படாமல் கிடந்ததைத் தணிக்கை அறிக்கைகள் எடுத்துக்காட்டின. ஓடாத படகுக்கு எத்தனை குதிரைத்திறன் இருந்து என்ன?

சோதனை எங்கே?

காவலுக்குப் போகிறவர்களுக்கு வேகம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். கடத்தல்காரனைத் துரத்தும் படகு மெதுவாகப் போக முடியாது. நோயாளியைத் தீவிலிருந்து கொண்டுவரவும் வேகம் வேண்டும். நான் வேகத்துக்கு எதிரி அல்ல. ரயில்வேயில் வேலை பார்க்கிறவன் வேகத்தை எப்படி வெறுக்க முடியும்?

ஆனால் ரயில்வேயில் புதுமாதிரி வண்டி வந்தால் நேரே பயணிகளை ஏற்றுவதில்லை. லக்னோவிலுள்ள ஆராய்ச்சி நிலையம் சோதிக்க வேண்டும்; பாதுகாப்பு கமிஷனர் அனுமதி தர வேண்டும். அந்தக் கமிஷனர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இருப்பவர்கூட அல்ல. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருப்பவர். வண்டி ஓட்டுகிறவனே தன் வண்டிக்கு நற்சான்று எழுதிக்கொள்ளக் கூடாது என்பதுதான் இதன் தத்துவம்.

வேகப் படகுக்கும் இந்தத் தத்துவம் வேண்டும். புது எஞ்சின் பூட்டிய படகைச் சோதிக்கத் துறைமுகத்தில் தனி இடம் ஒதுக்க வேண்டும். பயணிகள் படகு போகும் பாதையில் சோதனை கூடாது. எஞ்சின் மாற்றிய ஒவ்வொரு சவாரிப் படகையும், நிறைய ஆட்களின் எடையை ஏற்றி, விற்றவரும் வாங்கியவரும் அல்லாத மூன்றாமவர் ஓட்டிப் பார்த்துச் சான்று தர வேண்டும். எத்தனை தூரத்தில் நின்றது என்பதைச் சான்றில் எழுத வேண்டும். சிவப்புக் கயிறு மாட்டாமல் ஓட்டினால் முதலாளியின் லைசென்சைப் பறிக்க வேண்டும். கூலிக்கு ஓட்டும் பையன்மேல் பழியைப் போட்டுத் தப்பவிடக் கூடாது.

ஏறுகிறவர் கேட்க வேண்டியது

நீல்கமல் விபத்துக்குப் பிறகு கேட்வேயிலிருந்து புறப்படும் படகுகளில் லைப் ஜாக்கெட் கட்டாயம் என்றார்கள். 15 உயிர் போன பிறகு வந்த கட்டளை. புழுக்கமாயிருக்கிறது என்று அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிற குற்றம் நம்முடையது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த முறை படகில் ஏறுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதிய தகடு எங்கே? ஆளுக்கொரு லைப் ஜாக்கெட், குழந்தைகளுக்கு அவர்கள் அளவில், இருக்கிறதா? வேகப் படகானால், ஓட்டுகிறவர் இடுப்பில் அந்தச் சிவப்புக் கயிறு இருக்கிறதா? மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் ஏறாதீர்கள். கொடுத்த பணம் போனால் போகட்டும். பக்கத்தில் நிற்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். நாம் நாலு பேர் ஏறாமல் நின்றால் ஐந்தாவது ஆள் ஏன் என்று கேட்பார். பத்து நாள் இப்படிக் கேட்டால் முதலாளியே கடைக்குப் போய்ப் புதுக் கயிறு வாங்கி வருவார்.

வாங்குகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். வேகத்துக்கு விலை பேசுமுன் நிறுத்தத்துக்கு விலை பேசுங்கள். கடலுக்கு நடுவே சிக்னலும் இல்லை, பிரேக்கும் இல்லை. எதிரே வருவது யாருடைய அக்காளும் பிள்ளைகளும் ஏறிய படகோ, யார் கண்டது?

அக்கா அடுத்த விடுமுறைக்கு வருவதாகப் போன் செய்திருக்கிறாள். பிள்ளைகளுக்கு மறுபடியும் படகுச் சவாரி வேண்டுமாம். அழைத்துப் போகத்தான் போகிறேன். இந்தத் தடவை கயிற்றைப் பார்த்த பிறகே ஏற்றுவேன்.